வாசற்படியில் நின்றவர்கள்

ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமமும் ஆரோவிலும் தமிழ் எழுத்துக்குள் வரவே இல்லை என்று சொல்வது இப்போது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வங்காளி ஒருவர் தொடங்கினார், பாரிசில் பிறந்த பெண்மணி வளர்த்தார், ஐரோப்பியர் குடியேறினர்; தமிழருக்குக் கிடைத்தது தோட்ட வேலையும் சமையல் வேலையும்தான், இதில் பார்வை எங்கிருந்து வரும், எழுத்து எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். அந்த ஆதங்கத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது சொல்லும் இலக்கிய வரலாறு தவறு. இந்தச் சமூகத்தின் நம்பிக்கையையும் வாழ்முறையையும் வெளியே நின்று பார்த்து எழுதியவர்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று தெளிவாகும். தூரத்திலிருந்து வந்துபோனவர்கள் பெரும்பாலும் தாங்கள் கொண்டுவந்ததையே கண்டார்கள். வாசற்படியில் நின்றவர்கள், அதாவது உள்ளே பழகியும் முழுக்கக் கரையாதவர்கள், நன்றாகப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர்கள் தமிழர்கள். அவர்களைத்தான் நாம் படிக்காமல் விட்டிருக்கிறோம்.

முதலில் பார்த்தவர்கள் உளவாளிகள். பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் வந்திறங்கினார். அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார். பிரிட்டிஷ் போலீசின் ஆட்கள் பிரெஞ்சு மண்ணிலேயே தங்கி இவர்களைக் கண்காணித்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை யோகம் என்பது வெடிகுண்டை மறைக்கும் போர்வை. 1912இல் ஒரு பொய்ப் புகாரின் பேரில் அரவிந்தர் வீட்டைச் சோதனையிட பிரெஞ்சு நீதிபதி நாந்தோ வந்தார். வீட்டில் ஆயுதம் இல்லை, சதிக் கடிதம் இல்லை. கிரேக்கத்திலும் லத்தீனிலும் எழுதிய தாள்கள் கிடைத்தன. அதைக் கண்டதும் நீதிபதியின் தோரணை மாறியது. சோதனை மரியாதையில் முடிந்தது. இந்தக் காட்சியை ஆசிரம வரலாறுகள் பெருமையோடு சொல்லும். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. நாந்தோ மதித்தது தமக்கு ஏற்கெனவே தெரிந்த ஐரோப்பியக் கல்வியை. அந்த மனிதர் அந்த வீட்டில் எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்ற கேள்வி அவருக்கு எழவே இல்லை. வெளியார் பார்வையின் பிற்கால வரலாறு முழுவதற்கும் இது முன்மாதிரி.

பிற்பாடு வந்த பெரியவர்களை வேகமாகக் கடந்துவிடலாம். அலெக்ஸாந்த்ரா தாவிட்-நீல் 1911 நவம்பரில் வந்து அரவிந்தரிடம் தத்துவம் பேசினார். அதற்காகவே சென்னையில் போலீசின் விசாரிப்புக்கு ஆளானார். தாகூர் 1928 மே 29 அன்று கப்பல் பயணத்தின் இடையில் இறங்கிச் சந்தித்தார். பழைய வந்தே மாதரம் நாட்களின் வீரரிடம் ரிஷியைக் கண்டதாக உருக்கமாக எழுதினார். அந்த ரிஷியைச் சுற்றி அப்போது வளர்ந்துகொண்டிருந்த சமூகம் அவர் கண்ணில் படவில்லை. அமெரிக்க அதிபராக இருந்த உட்ரோ வில்சனின் மகள் மார்கரெட் 1938இல் வந்து, நிஷ்டா என்ற பெயரோடு இங்கேயே தங்கி, 1944இல் இங்கேயே இறந்தார். ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் 1950 ஏப்ரலில் தம் காமிராவோடு வந்தார். அந்த ஆண்டு டிசம்பர் 5இல் அரவிந்தர் மறைந்ததால், முதிய அரவிந்தரின் முகம் உலகுக்குக் கிடைத்தது அந்தப் படங்களில்தான். இந்த வரிசையில் அவர் மேலானவர். தீர்ப்புச் சொல்லாமல், கண்ணெதிரே இருந்ததைப் பார்த்தார்.

இப்போது தமிழுக்கு வருவோம்.

தஞ்சை மாவட்டத்து வைதிகக் குடும்பத்தில் பிறந்த இளைஞர் வ. ராமஸ்வாமி, கொடியாலம் ரங்கசாமி ஐயங்காரின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்தார். வந்தவர் அரவிந்தர் வீட்டிலேயே சில ஆண்டுகள் தங்கிவிட்டார். அவர்தான் நம் வ.ரா.; 1933இல் தொடங்கிய மணிக்கொடியின் தொடக்க கால ஆசிரியர்களில் ஒருவர். அவர் எழுதிய மகாகவி பாரதியார் நூலை நாம் பாரதிக்காக மட்டுமே படித்துப் பழகிவிட்டோம். அதை அரவிந்தர் வீட்டுக்காக ஒரு முறை படித்துப் பாருங்கள். அங்கே ஒளிவட்டம் இல்லை. மாலைப் பேச்சு இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, காசில்லாத குடும்பம் இருக்கிறது, பாரதி வந்தால் மாறிவிடும் வீட்டின் சுருதி இருக்கிறது. வ.ரா. அந்த வீட்டை விட்டு வெளியேறி, ஆன்மிகத்தின் பக்கம் போகாமல் சமூகச் சீர்திருத்தத்தின் பக்கம் போனார். சாதியின் மேல் அவருக்கு இருந்த தீராத கோபத்தில் அந்தப் புதுச்சேரி ஆண்டுகளுக்குப் பங்குண்டு என்பது என் கணிப்பு. பூணூலும் ஆசாரமும் பொருட்டில்லாத ஒரு வீட்டில், எல்லோரும் சேர்ந்து உண்ணும் வீட்டில், ஓர் ஐயங்கார் இளைஞர் வாழ்ந்துவிட்டு வந்தால் வேறென்ன ஆகும்? ஒரு நம்பிக்கை, அதை ஏற்காதவரைக்கூட எப்படி மாற்றும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

அடுத்தவர் அமிர்தா. புதுச்சேரிக்கு அருகே கழுப்பெரும்பாக்கத்தில் பிறந்து, பள்ளி மாணவனாக அரவிந்தரைக் காணத் தவித்து, பின்னர் ஆசிரமத்தின் நிர்வாகப் பொறுப்புகளைச் சுமந்தவர். அவர் தம் நினைவுகளைத் தமிழில்தான் எழுதினார். இன்று அவரைப் படிப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அந்தக் குறிப்புகளின் வலிமை, அவை உள்ளே நுழைவதற்கு முந்திய காலத்தைச் சொல்வதில் இருக்கிறது. உள்ளூர்ப் பையன் ஒருவன் தெருவிலிருந்து அந்த வீட்டை ஏக்கத்தோடு பார்க்கும் பார்வை அது. மூன்றாமவர் சுத்தானந்த பாரதியார். பல ஆண்டுகள் ஆசிரமத்தில் மௌனம் காத்து, பாரத சக்தி மகாகாவியத்தை எழுதி, பிறகு வெளியேறிவிட்டார். இந்த மூவரையும் ஒரே மேசையில் வைத்துப் படித்த விமர்சனம் தமிழில் வந்திருக்க வேண்டும். வராதது நம் குறை, அவர்கள் குறை அல்ல.

உள்ளூரின் பார்வை எப்போதும் ஏக்கமாகவே இருந்துவிடவில்லை. 1965 பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் கொந்தளிப்பில், ஆசிரமக் கட்டடங்கள் தாக்கப்பட்டன. பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்தும் ஓர் இடம் இந்திக்காக அடி வாங்கியது. எறிந்த கல்லை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் நகரின் நடுவே சாம்பல் வண்ணச் சுவர்களோடு நின்ற ஒரு சமூகம், சுற்றியிருந்த ஊருக்கு எவ்வளவு அந்நியமாகிப் போயிருந்தது என்பதை அந்த நாள் காட்டியது. எழுத்தில் வராத பார்வை கல்லாக வரும்.

1968 பிப்ரவரி 28இல் ஆரோவில் தொடங்கியது. 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஒரே தாழியில் இட்டார்கள். ஆரோவில் யாருக்கும் சொந்தமில்லை, மனித குலத்துக்கே சொந்தம் என்று, ஆசிரமத்தை வளர்த்த அந்தப் பெண்மணியான அன்னையின் சாசனம் அறிவித்தது. 50,000 பேருக்கான நகரம் என்று திட்டம். இன்று அங்கே மூவாயிரத்துச் சொச்சம் பேர். அன்று முதல் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு இரண்டே ராகங்கள்தாம். ஒன்று, பணமும் மதமும் இல்லாத சொர்க்கம். மற்றொன்று, பொய்த்துப்போன சொர்க்கம். 2021 டிசம்பரில் வட்டச் சாலைக்காகப் புல்டோசர்கள் மரங்களைச் சாய்த்தபோது இரண்டாவது ராகம் உச்சத்துக்குப் போனது. இரண்டுமே சோம்பேறி எழுத்து. இரண்டும் அந்த இடத்தை அதன் விளம்பரத்தோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுகின்றன. காலையில் எழுந்து செம்மண்ணில் கரை கட்டி மழைநீரைத் தேக்கியவர் எதை நம்பி அதைச் செய்தார், உடலுழைப்பும் யோகமே என்ற எண்ணம் ஒரு மனிதரை நாற்பது ஆண்டுகள் எப்படித் தாங்கும் என்று அவை கேட்பதில்லை.

அந்த நம்பிக்கையை நேருக்கு நேர் விசாரித்தது ஒரு நீதிமன்றம். ஆரோவிலின் நிர்வாகத்தை அரசு ஏற்ற 1980ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, அரவிந்தர் சொசைட்டி தரப்பில் எஸ்.பி. மிட்டல் வழக்குத் தொடுத்தார். இது மதப் பிரிவு, அரசு தலையிட முடியாது என்பது வாதம். 1982இல் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு, இது மதம் அல்ல, தத்துவம் என்றது. நீதிபதி சின்னப்ப ரெட்டி சட்டம் செல்லும் என்பதை ஒப்புக்கொண்டாலும், மதம் என்ற சொல்லை அவ்வளவு குறுக்கிவிடக் கூடாது என்று தனியே எழுதினார்.

இதற்குப் பத்தாண்டு முன்பு, 1972இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆமிஷ் மக்களின் வழக்கில் நேர்மாறான முடிவுக்கு வந்தது. மின்சாரக் கம்பியும் மோட்டார் வாகனமும் வேண்டாம் என்று குதிரை வண்டியோடு வாழும் அந்தக் கிறிஸ்தவ விவசாயிகள், எட்டாம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். அவர்கள் வாழ்முறையும் மதமும் பிரிக்க முடியாதவை என்று நீதிமன்றம் ஏற்றது. வால்டன் குளக்கரையில் ஒதுங்கி வாழ்ந்த தோரோவின் முடிவு தத்துவம் சார்ந்தது, அதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தால், வெளியாருக்குப் பழக்கமான வடிவத்தில் இருக்கும் நம்பிக்கைக்கே மதம் என்ற பெயர் கிடைக்கிறது என்பது புரியும். நாந்தோவின் கண் நீதிமன்றங்களிலும் இருக்கிறது.

ஆமிஷ் மக்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. அவர்களிடையே பிறந்து, ஞானஸ்நானம் பெறாமல் வெளியே வந்து படித்த ஜான் ஹாஸ்டெட்லர், 1963இல் அவர்கள் சமூகத்தைப் பற்றிய ஆய்வு நூலை எழுதினார். அந்த வழக்கிலும் நிபுணராகச் சாட்சி சொன்னார். சுற்றுலாப் பயணியின் வியப்பும் இல்லை, பிரிந்து போனவரின் கசப்பும் இல்லை. வாசற்படியில் நிற்பவரின் எழுத்து இப்படித்தான் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கவர்கள் இருவர், இருவரும் ஆங்கிலத்தில் எழுதியவர்கள். ஆசிரமத்தின் ஆவணக் காப்பகத்தில் பல்லாண்டு உழைத்த பீட்டர் ஹீஸ், 2008இல் அரவிந்தரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். பக்தர்கள் சிலர் ஒடிசா உயர் நீதிமன்றம் வரை போனார்கள். இந்தியப் பதிப்புக்குத் தடை வந்தது. சான்றுகளோடு எழுதிய ஒரு வரலாற்றாசிரியருக்கு அது இழைத்த அநீதி. ஆரோவிலில் வளர்ந்த ஆகாஷ் கபூர், 1986இல் அங்கே நேர்ந்த இரு மரணங்களைத் தொடர்ந்து சென்று 2021இல் ஒரு நூல் எழுதினார். நம்பிக்கை உயிரைக் குடித்த கதையை எழுதியும், நம்பிக்கையை ஏளனம் செய்யாமல் முடித்தார். ஆனால் இந்த நூலிலும் சுற்றுக் கிராமங்கள் கதையின் ஓரத்தில்தான் நிற்கின்றன.

குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம், இரும்பை: ஆரோவிலைத் தினமும் பார்ப்பவர்கள் இந்த ஊர்க்காரர்கள். இரும்பை மகாகாளேஸ்வரர் கோயிலில் கடுவெளிச் சித்தர் கதையைச் சொல்வார்கள். ஆடிய தேவதாசியின் காலிலிருந்து கழன்ற சிலம்பைச் சித்தர் எடுத்துப் பூட்டினார், சபை நகைத்தது, அவர் சபித்தார், லிங்கம் பிளந்தது, நிலம் பாலையானது. தூர தேசத்தார் வந்துதான் மண் மீண்டும் பச்சையாகும் என்று பின்னர் சாபம் தணிந்தது. ஆரோவில்காரர்களுக்கு இது தங்கள் வருகைக்கு முன்னறிவிப்பு. நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். வந்தவர்களைத் தங்கள் தலபுராணத்துக்குள் ஓர் இடம் கொடுத்து உட்கார வைக்கும் தமிழ்க் கிராமத்தின் விளக்கம் அது. அதைவிடப் பெருந்தன்மையான வெளியார் பார்வை இந்தக் கட்டுரையில் வேறு இல்லை.

அதே கிராமத்தார் ஆரோவிலின் தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள் போனால் என்ன காண்கிறார்கள்? வெள்ளைக் காலுறை அணிந்து, சத்தமில்லாமல் ஏறிப்போனால், பன்னிரண்டு தூண்கள் சூழ்ந்த வெண்ணிற மண்டபம். நடுவில் பளிங்குக் கோளம், அதன் மேல் விழும் ஒற்றைக் கதிர். சிலை இல்லை, கற்பூரம் இல்லை, பூ இல்லை. புதுச்சேரி ஆசிரமத்தின் சமாதியிலோ தினமும் பூ அலங்காரம், ஊதுவத்தி மணம். ஒரே நம்பிக்கையின் இரு முகங்கள் இவை. அம்மனுக்குக் கூழ் ஊற்றிவிட்டு அங்கே வேலைக்குப் போகும் ஒரு பெண் இந்த இரண்டையும் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று எந்த ஆங்கில நூலும் எனக்குச் சொல்லவில்லை.

சொல்லக்கூடிய இடத்தில் வந்து நின்றவர் கவிஞர் இரா. மீனாட்சி. ‘எழுத்து’ இதழின் மரபில் வந்தவர். நெருஞ்சி, சுடுபூக்கள் தொகுப்புகளைத் தந்தவர். எழுபதுகளில் ஆரோவிலுக்கு வந்து, கிராமப் பிள்ளைகளின் கல்வியில் உழைத்தவர். புதுக்கவிதை வரலாறுகளில் அவர் பெயர் பட்டியலில் வரும். அவர் கவிதையை ஆரோவிலோடு சேர்த்துப் படித்தவர்கள் அரிது. உதய நகரிலிருந்து என்று ஒரு தொகுப்புக்கே பெயரிட்டவரை, அந்த நகரத்தை விட்டுவிட்டுப் படிப்பது என்ன விமர்சனம்? சர்வதேச நகரத்துக்குள் தமிழில் வாழ்வது எப்படி என்ற கேள்விக்கு அவரது வாழ்வும் எழுத்துமே முதல் பதில்.

ஆகவே தமிழில் எழுத்து இல்லை என்று இனிச் சொல்ல வேண்டாம். வ.ரா.வும் அமிர்தாவும் சுத்தானந்தரும் மீனாட்சியும் நமக்கு ஒரு மரபைத் தந்திருக்கிறார்கள். அதைத் தொடர்வதுதான் பாக்கி. அமிர்தாவின் நினைவுகளுக்கு நல்ல தமிழ்ப் பதிப்பு வேண்டும். மீனாட்சியின் கவிதைகளுக்கு முழுமையான ஆய்வு வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு, 1968இல் வாலிபர்களாக இருந்து, நிலம் விற்று, மரம் நட்டு, வந்தவர்களோடு சண்டையும் உறவும் கொண்ட கிராமத்தாரின் வாய்மொழியைப் பதிவுசெய்ய வேண்டும். அவர்களுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. புதுச்சேரியின் பல்கலைக்கழகத்திலும் கல்லூரிகளிலும் தமிழ் பயிலும் மாணவர்களே, எடையஞ்சாவடிக்குப் பேருந்தில் போய்விடலாம். இந்த ஆண்டே போங்கள்.