வரையச் சொன்னது யார்?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பாப்டிஸ்ட் போதகராக இருந்த ஹோவர்ட் ஃபின்ஸ்டர், வயிற்றுப்பாட்டுக்கு மிதிவண்டிகளும் பழுதுபார்த்து வந்தார். 1976இல் ஒருநாள் அவருடைய விரல் நுனியில் ஒட்டியிருந்த வண்ணத் தீற்றலில் ஒரு மனித முகம் தெரிந்தது. புனிதச் சித்திரங்கள் வரையும்படி ஒரு குரல் பணித்தது. அதெல்லாம் தொழில்முறை ஓவியர்களுக்கே முடியும், தமக்கு வராது என்று அவர் மறுத்தார். வராதென்று உனக்கு எப்படித் தெரியும் என்று குரல் திருப்பிக் கேட்டது. ஃபின்ஸ்டர் பையிலிருந்து ஒரு டாலர் நோட்டை எடுத்து, அதிலிருந்த ஜார்ஜ் வாஷிங்டன் முகத்தைப் பார்த்து வரைந்தார். 2001இல் இறப்பதற்குள் 46,000க்கும் மேற்பட்ட படைப்புகளுக்கு வரிசை எண் இட்டிருந்தார். அவர் வாயாலேயே பலமுறை சொல்லப்பட்ட இந்தக் கதையைப் பெரும்பாலோர் அற்புதமாகக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். கதைக்குள் நடப்பதைக் கவனித்தால் வேறொன்று தெரியும். தூரிகையை எப்படிப் பிடிப்பது, எந்த வண்ணத்தோடு எதைக் கலப்பது என்று அந்தக் குரல் எதையும் கற்றுத்தரவில்லை. ஒரே ஒரு தயக்கத்தை மட்டும் அது உடைத்தது: படிக்காதவன் வரையலாமா என்ற தயக்கத்தை. கட்டளை வானத்திலிருந்து வந்தது. பார்த்து வரைய வேண்டிய முகம் சட்டைப்பையிலிருந்து வந்தது. ஓவியப் பள்ளியின் வாசலை மிதிக்காமல், தெய்வம் சொல்லி வரைந்தேன் என்றவர்களை இந்தப் பிரிவினையை வைத்தே புரிந்துகொள்ள முடியும் என்பது என் வாதம்.

இத்தகைய ஓவியங்களை ஆராயும் துறையின் வரலாறு நீண்டதல்ல. ஜெர்மன் மனநல மருத்துவர் ஹான்ஸ் பிரின்ட்ஸ்ஹார்ன், நோயாளிகளின் ஓவியங்களைப் பற்றி 1922இல் ஒரு நூல் வெளியிட்டார். 1945இல் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே, பயிற்சி பெறாதவர்களின் படைப்புகளுக்கு ‘ஆர்ட் ப்ருட்’ என்று பெயர் சூட்டிச் சேகரிக்கத் தொடங்கினார். 1972இல் ரோஜர் கார்டினல் ஆங்கில வாசகர்களுக்கு அதை ‘அவுட்சைடர் ஆர்ட்’ என்று அறிமுகப்படுத்தினார். ஆவியுலக நம்பிக்கையாளர்களோ இதே ஓவியங்களை மறுமைக்குச் சான்றாகக் காட்டினார்கள். இந்த இரு முகாம்களுக்கும் ஆகாது என்றாலும் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போயின. ஓவியம் இந்த உலகத்திலிருந்து வரவில்லை என்றன இரண்டும். ஒன்றுக்கு அது ஆவிகளின் கொடை, மற்றொன்றுக்குப் பண்பாட்டின் கறை படியாத உள்மனத்தின் ஊற்று. தமிழ் வாசகருக்கும் இது பழகிய எண்ணந்தான். மடைப்பள்ளியில் வேலை பார்த்த காளமேகத்தின் வாயில் அம்பிகை தாம்பூலத்தை உமிழ்ந்ததும் அவர் கவிமழை பொழிந்தார் என்ற கதையில் வரம் வந்த கணமே திறமையும் வந்துவிடுகிறது. நான் இங்கே பேசும் ஓவியர்களுக்கு அப்படி வரவில்லை. கட்டளை ஒரு நொடியில் கிடைத்தது. கை பழக ஆண்டுகள் ஆயின.

வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி அகுஸ்தேன் லெசாஜ் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. 1876இல் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். முப்பத்தைந்தாம் வயதில், 1911இல், குறுகலான சுரங்கப் பாதையில் தனியாக வேலை செய்தபோது, ஒருநாள் நீ ஓவியனாவாய் என்ற குரலைக் கேட்டார். பைத்தியம் என்பார்களே என்று அஞ்சி யாரிடமும் மூச்சுவிடவில்லை. பிறகு அப்பகுதியில் பரவியிருந்த ஆவியுலகக் குழுக்களின் பழக்கம் ஏற்பட்டது; சிறுவயதில் இறந்த தங்கை மரியே தம் கையை நடத்துவதாக நம்பினார். வரைவதற்குத் தருவித்த துணி, எதிர்பார்த்ததற்கு மாறாக மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் அளவில் வந்து சேர்ந்தது. வெட்டிச் சிறிதாக்க நினைத்தபோது குரல் தடுத்தது. அந்தப் பெருந்துணியின் வலது மேல் மூலையில் சின்னஞ்சிறு புள்ளிகளும் கோடுகளுமாகத் தொடங்கி, சுரங்க வேலை முடிந்து வந்த பொழுதுகளில் நிரப்பிக்கொண்டே போனார். முழுச் சித்திரத்தையும் மனத்தில் கண்டு வரைந்தவரின் முறை அல்ல இது. ஒரு முனையில் தொடங்கிக் கையெட்டும் தூரம் வரை வெட்டி முன்னேறும் தொழிலாளியின் முறை. படம் செல்லச் செல்ல வடிவங்கள் ஒழுங்குபெற்று இருபுறமும் ஒத்த கோயில் முகப்புகளைப் போல எழுகின்றன. துணியிலேயே அவர் கற்றுக்கொண்டதை நாம் கண்ணால் பின்தொடரலாம். இதனிடையே நோயாளிகளையும் குணப்படுத்த முற்பட்டதால், உரிமமின்றி மருத்துவம் செய்ததாக அவர்மீது வழக்குப் போட்டார்கள்; 1914இல் விடுதலையானார். மருத்துவத்துக்கு உரிமம் கேட்ட சமூகம் ஓவியத்துக்குச் சட்டப்படி கேட்கவில்லை. ஆனால் சுரங்கத் தொழிலாளி தனக்குத்தானே கேட்டுக்கொண்டான். மரியின் குரல் அந்த உரிமத்தை வழங்கியது.

குரல் எந்த ஊர்ப் பேச்சைப் பேசுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. வாஷிங்டனில் அரசுக் கட்டடங்களை இரவில் துப்புரவு செய்த ஜேம்ஸ் ஹாம்ப்டன் என்ற கறுப்பினத்தவர், 1950இல் வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகையில், வேலை முடிந்த பின்னிரவுகளில் கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்காக ஒரு சிம்மாசனம் அமைத்தார். பழைய மேசை நாற்காலிகள், அட்டை, எரிந்துபோன பல்புகள் ஆகியவற்றின்மேல் சிகரெட் பெட்டியிலும் மதுப்புட்டியிலும் கிடைத்த வெள்ளித்தாளைச் சுற்றி ஒட்டிய ஏறத்தாழ 180 உருப்படிகள். 1964இல் அவர் இறந்த பிறகே அது வெளியே தெரிந்தது. இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பதவி, நித்திய அரசின் சிறப்புத் திட்டங்களுக்கான இயக்குநர். பகலில் இயக்குநர்கள் அமரும் அறைகளைப் பெருக்கிய ஒருவருக்குப் பரலோகமும் ஓர் அலுவலகமாக, தமக்கொரு நாற்காலியோடு தோன்றியதில் வியப்பில்லை. வட கரோலினாவின் மின்னி எவன்ஸ், வரையாவிட்டால் சாவுதான் என்று குரல் எச்சரித்ததாகச் சொன்னவர். 1935ஆம் ஆண்டு பெரிய வெள்ளியன்று முதல் படத்தை வரைந்தார். 1948 முதல் கால் நூற்றாண்டுக்கு மேல் ஏர்லி தோட்டத்தின் வாயிலில் அமர்ந்து நுழைவுக் கட்டணம் வாங்கியபடி அங்கேயே வரைந்தார். இலையும் இதழும் இருபுறமும் ஒத்து விரிய, நடுவில் கண்கள் விழித்திருக்கும் அவருடைய படங்களின் செடிகொடிகள் அந்த வாயிலுக்குள் இருந்தவை. கனவு தந்ததாக அவர் நம்பியதைத் தோட்டமும் தந்திருக்கிறது.

இது வெறும் மனநோய்தானே என்று கேட்பவர்கள் வழக்கமாகச் சுட்டுவது செராஃபின் லூயியை. பாரிசுக்கு வடக்கே சான்லிஸ் நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்த அவர், கன்னி மரியாளின் கட்டளைப்படி வரைவதாகச் சொன்னார். 1912இல் ஜெர்மன் கலைச் சேகரிப்பாளர் வில்ஹெல்ம் ஊடே அண்டை வீட்டில் ஆப்பிள்கள் வரைந்த ஒரு படத்தைக் கண்டு விசாரித்தபோது, வரைந்தவர் தம் வீட்டைச் சுத்தம் செய்யும் அதே பெண் என்று தெரிந்தது. செராஃபின் பயன்படுத்தியது ரிப்போலின் என்னும் வீட்டுப் பெயின்ட். அதில் எதைக் கலந்து அந்த மினுமினுப்பைக் கொண்டுவந்தார் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. ஈர வண்ணத்தில் கத்திமுனையால் தம் பெயரைக் கீறிவைத்தார். கலவையை மறைப்பதும் பெயரைக் கீறுவதும் தம் தொழிலை அறிந்த ஒருவரின் செயல்கள். 1930இல் பொருளாதார மந்தத்தால் ஊடே படங்களை வாங்குவதை நிறுத்தினார். 1932இல் செராஃபின் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பத்து ஆண்டுகள் அங்கிருந்து 1942இல் இறந்தார். அங்கே அவர் வரையவில்லை. நோய்தான் வரைந்தது என்றால், நோய் முற்றிய இடத்தில் படங்கள் பெருகியிருக்க வேண்டும். அவருடைய படங்கள் உழைப்பும் நம்பிக்கையும் ஒழுங்கும் சேர்ந்திருந்த காலத்தில் பிறந்தன. நோய் அவற்றை நிறுத்தியது.

அப்படியானால் பக்தியை வெறும் தந்திரமாக்குகிறீர்கள் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. ஒரு நம்பிக்கை ஒருவருக்கு என்ன செய்துகொடுத்தது என்று கேட்பதும், அதற்காகவே அவர் நம்பினார் என்று சொல்வதும் வெவ்வேறு. தந்திரமாக இருந்திருந்தால் ஹாம்ப்டன் தம் சிம்மாசனத்துக்குப் பார்வையாளர்களைத் திரட்டியிருப்பார். நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் பாடிப் போதித்த சகோதரி கெர்ட்ரூட் மோர்கன் இன்னும் வலுவான சான்று. படங்கள் பெயரெடுத்து வாங்குவோர் தேடிவந்த பிறகு, 1974இல், கடவுள் நிறுத்தச் சொன்னார் என்று அறிவித்து அவர் தூரிகையைக் கீழே வைத்தார். அனுமதி தந்த அதே அதிகாரம் சந்தையை மறுக்கும் வலிமையையும் தந்தது. ஏழைக் கறுப்பினப் பெண் ஒருவர், வாங்க வந்தவர்களிடம் வேறு காரணம் சொல்லாமல் மறுக்க வேறெந்த அதிகாரத்தைக் கைக்கொண்டிருக்க முடியும்?

குரலே கேட்காதவர்களும் உண்டே என்று மூன்றாவதாகக் கேட்கலாம். அலபாமாவில் அடிமையாகப் பிறந்த பில் டிரெய்லர், எண்பது வயதைத் தாண்டியபின் 1939இல் மாண்ட்கமரி நகரின் தெருவோரத்தில் அமர்ந்து பழைய அட்டைகளில் வரையத் தொடங்கினார். தெய்வக் கட்டளை என்று எதையும் சொல்லவில்லை. சண்டிகரில் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், நகரம் கட்டுவதற்காக இடிக்கப்பட்ட ஊர்களின் உடைசல்களைச் சேர்த்து, அரசுக் காட்டு நிலத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து கமுக்கமாக ஒரு சிற்ப உலகத்தை எழுப்பினார். 1970களில் அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். இடிக்காமல் 1976இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். குரல் இல்லாத இடத்தில் வேறொன்று அதன் வேலையைச் செய்ததை இவ்விருவரும் காட்டுகிறார்கள்: டிரெய்லருக்கு இழக்க எதுவும் மிஞ்சாத முதுமை, நேக் சந்துக்கு இரவும் மறைவும். அனுமதிச் சிக்கல் எல்லோருக்கும் இருந்தது. சிலர் அதைத் தெய்வத்தைக் கொண்டு தீர்த்துக்கொண்டார்கள்.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: சுரங்கத் தொழிலாளி, வீட்டு வேலைக்காரப் பெண், துப்புரவுப் பணியாளர், தோட்டத்து வாயிற்காவலர், தெருப் போதகர். கலைப் பள்ளியில் இவர்களுக்கென ஓர் இருக்கை இருந்ததில்லை. இன்று அருங்காட்சியகங்கள் இவர்களைப் பெருமையோடு சுவரில் ஏற்றி, கண்ட தரிசனத்தை முதல் வரியிலும் பார்த்த வேலையைக் கடைசி வரியிலும் எழுதுகின்றன. அந்த வரிசையால் ஓவியர்களைவிட நிறுவனங்களுக்கே ஆதாயம். எல்லாம் வானத்திலிருந்து வந்தது என்று வைத்துக்கொண்டால், கதவைச் சாத்திவைத்தது யார் என்ற கேள்வி எழாது. இவர்களுடைய நம்பிக்கையை மதிக்கிற விமர்சகர் அந்தக் கேள்வியை எழுப்ப வேண்டும். கூடவே வெள்ளித்தாளின் மடிப்பையும் ரிப்போலினின் கலவையையும் லெசாஜின் வலது மேல் மூலையையும் தொழில் தெரிந்தவர்களின் வேலையாகப் படிக்க வேண்டும்.