விழாவும் கற்றலும்: வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

கல்வி பாடசாலைப் பருவத்தோடு முற்றுப்பெறுவதன்று, ஆயுட்காலம் முழுவதும் தொடர்வது என்னும் கருத்து இன்று உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்டுள்ளது. அக்கருத்தை மக்களிடையே பரப்புதற்கு விழாவும் ஒரு கருவியாகக் கொள்ளப்படுகின்றது. பிரித்தானியாவில் 1992இல் தொடங்கிய வளர்ந்தோர் கற்றல் வாரம், 1997இல் ஹம்பேர்க் நகரிற் கூடிய யுனெஸ்கோ மாநாட்டின் பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. இலங்கையில் இதற்கு மிக நெருங்கி நிற்பது ஒவ்வோராண்டும் ஒக்டோபரில் நடைபெறும் தேசிய வாசிப்பு மாதமாகும். எல்லா வயதினரையும் வாசிப்பின்பால் ஈர்த்தல் அதன் நோக்கம். நோக்கத்திற் குறைகாண எவரும் முற்படார். அவ்விழா அமைந்துள்ள முறையே ஆராயற்பாலது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே பரந்துள்ள படுவான்கரையை எடுத்துக்கொள்வோம். மழையை நம்பிய வயல்களிற் பெரும்போகத்திற்கான உழவும் விதைப்பும் நிகழுங் காலம் ஒக்டோபரேயாகும். வானத்தைப் பார்த்துக்கொண்டு வயலில் நிற்கும் கமக்காரனை நூலகத்திற்கு வாவென்று தேசியம் அழைப்பது அம்மாதத்திற்றான். நாட்காட்டியைத் தலைநகரிலிருந்து வகுக்கும்போது நேரும் பிழை இது. சிறியதுபோற் தோன்றினும் இவ்விழா யாரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்டது என்பதை அது காட்டிவிடுகின்றது.

யாரை மனத்திற்கொண்டது? நிகழ்ச்சிகளை நோக்கின் விடை தெளிவு. கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, சித்திரப் போட்டி, புத்தகக் கண்காட்சி, ஈற்றிற் பரிசளிப்பு: இவையே பெரும்பாலும் நடைபெறுவன. கற்போர் பாடசாலை மாணவர். வளர்ந்தவர் மேடையிற் பிரதம விருந்தினராகவோ முன்வரிசையிற் பெற்றோராகவோ வீற்றிருக்கின்றார். நூலகர்கள் சிலர் நடமாடும் நூலகத்தை ஊருக்குள் கொண்டுசெல்ல எடுக்கும் முயற்சி பாராட்டுக்குரியதே. ஆயினும் வளர்ந்தவரைக் கற்பவராகக் காணும் பார்வை விழாவின் மையத்தில் இல்லை.

இதே மண்ணில் வளர்ந்தோர் கற்பதையே அச்சாகக் கொண்ட விழாவொன்று நெடுங்காலமாக நிலவிவந்துள்ளது. கூத்தே அது. பேராசிரியர் சி. மௌனகுரு ‘மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள்’ என்னும் நூலிற் கூத்துப் பழக்கும் முறையை விரிவாக ஆராய்ந்துள்ளார். ஊர் கூடிக் கூத்தைத் தெரிவுசெய்யும். அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரத்தை வகுத்துச் சட்டங் கொடுப்பார். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்தோர் இரவிற் களரியில் ஆட்டமும் பாடலும் பழகுவர். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் எனப் படிகள் பல கடந்து, மாதங்கள் சென்றபின்னரே அரங்கேற்றம் நிகழும். எழுத்தறியாதவரும் அண்ணாவியாரின் வாய்கேட்டு நூற்றுக்கணக்கான வரிகளை மனங்கொண்டனர். பிழைவிட்டால் ஊரே திருத்தும். பார்த்திருப்போருக்கும் பாட்டுத் தெரியும். இங்கு விழாநாள் கற்றலின் முடிவு. கற்றலுக்கு ஈடாக நிற்பதன்று. வாசிப்பு மாதத்தில் இவ்வொழுங்கு தலைகீழாகிவிடுகின்றது.

வைகாசியிற் கண்ணகி அம்மன் கோயில்களில் நிகழும் சடங்கும் இங்கு நினைக்கத்தக்கது. பெரும்போக அறுவடை முடிந்த ஓய்வுக்காலம் அது. வழக்குரை படிக்கப்படும்போது முதியோரும் இளையோரும் ஒருங்கே செவிமடுக்கின்றனர். கோயிலின் நாட்காட்டிக்கு வயலின் நாட்காட்டி தெரிந்திருந்தது.

இவ்வாறு கூறுவதாற் பழமையைப் போற்றிப் பாடுதல் பொருந்தாது. கூத்தாடியோர் பெரும்பாலும் ஆண்கள். பெண்பாத்திரத்தையும் ஆணே தாங்கினான். பெண்ணுக்குப் பாயும் பார்வையாளர் இடமுமே கிடைத்தன. சாதிப் பிரிவினைகளும் களரிக்கு வெளியே நின்றனவல்ல. சீலாமுனையில் சி. ஜெயசங்கர் முதலியோர் ஊராருடன் இணைந்து மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம், ஆட்டத்தை மாத்திரமன்றிப் பிரதியிலுள்ள பெண்பற்றிய, சாதிபற்றிய கருத்துக்களையும் விவாதத்திற்கு உட்படுத்தியமை இதனாலேயே முக்கியத்துவம் பெறுகின்றது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிற் கூத்தைச் செம்மைப்படுத்தி மேடையேற்றியபோது கலைக்குப் பெரும் ஆக்கம் விளைந்தது. ஆயின் பல்கலைக்கழகம் ஏற்றது ஆட்டத்தையும் பாட்டையுமே. ஊர்முழுதும் கற்கும் அந்த அமைப்பைப் பெயர்த்தெடுத்தல் அதனால் இயலவில்லை.

விழாவையும் வகுப்பையும் இணைத்த பிறிதோர் அனுபவம் தமிழகத்திலுண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கம் பாட்டும் வீதிநாடகமுமாக ஊர்களுக்குட் புகுந்தது. ஆனால் கலைக்குழு சென்றபின் தொண்டர்கள் தங்கி மாலைவகுப்பு நடத்தினர். பெண்கள் எழுத்தோடு சைக்கிளோட்டவும் பயின்றனர். கல்குவாரிகளில் உழைத்த பெண்கள் தாமே சைக்கிளேறிச் சென்றமை எழுத்தறிவுப் புள்ளிவிபரத்துள் அடங்காத விளைவு. கற்பதற்கு எது பொருளாக வேண்டும் என்பதைக் கற்பவரின் வாழ்வு தீர்மானித்த இடம் அது.

வாவிக்கரையில் அத்தகைய பொருள் எது? 2009இற் போர் முடிந்தபின் கிழக்கின் கிராமங்களில் நுண்கடன் நிறுவனங்கள் பெருகின. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் ஒரு கடனை அடைக்க மறுகடன் பெற்றுத் துன்புற்றமை நாடறிந்தது. துன்பத்தின் வேர் வறுமையே. வாசிப்பு அதை அகற்றிவிடாது. எனினும் கையொப்பமிடும் தாளை வாசித்து வட்டியைக் கணக்கிடத் தெரிதல் அப்பெண்ணுக்கு ஒரு நாவலை வாசிப்பதினும் முந்திய தேவை. வாசிப்பு மாதம் அவளுக்கு எந்த நூலை நீட்டுகின்றது?

பிரதேச சபை நூலகமொன்று இதனை நாளையே தொடங்கலாம். ஒக்டோபர்ப் போட்டிகள் மாணவருக்காக நடக்கட்டும். அறுவடை முடிந்த பங்குனியில், வாசிகசாலைத் திண்ணையிலோ மாதர் சங்கக் கட்டடத்திலோ, கிழமைக்கு இரண்டு மாலைப்பொழுது கடன் ஒப்பந்தம், காணி உறுதி, மருந்துச் சீட்டு ஆகியவற்றை வாசித்துப் பழகலாம். அண்ணாவியார் போல் ஊரறிந்த ஒருவர் நடத்துவாராக. வைகாசிச் சடங்கிற்கு ஊர் கூடும்போது கற்றவர்களே எழுந்து வாசித்துக் காட்டட்டும்.