புரோகிரசிவ் ராக்: புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்குவது

புரோகிரசிவ் ராக் 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான ராக் இசை வகை. பல பகுதிகள் கொண்ட நீண்ட ஆக்கங்கள், மாறிக்கொண்டே இருக்கும் தாளக் கணக்குகள், மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் பெற்ற கூறுகள், ஒரே கருவில் கோத்த இசைத்தொகுப்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள். கிங் கிரிம்சன் குழுவின் 'இன் த கோர்ட் ஆஃப் த கிரிம்சன் கிங்' (1969) இவ்வகையின் தொடக்ககால முதன்மைப் படைப்பாகக் கருதப்படுகிறது.

வழக்கமான பரிந்துரையின் குறை

புதிதாகக் கேட்பவரிடம் பெரும்பாலும் அந்த 1969 தொகுப்பே முதலில் தரப்படுகிறது. வரலாற்று வரிசைப்படி அது சரி. கேட்கும் செவிக்கு அது சரியல்ல. அதன் முதல் பாடலே சிதைக்கப்பட்ட குரலும் கிடாரும் சாக்சபோனும் மோதும் இரைச்சல். அந்த இரைச்சல் எதற்கு எதிர்வினை என்று தெரியாதவர் அங்கேயே நிறுத்திவிடுகிறார். நீண்ட இசை தமக்கு ஒவ்வாது என்ற தவறான முடிவுக்கும் வந்துவிடுகிறார். தொடக்கத்தை ஆண்டைக் கொண்டு அல்லாமல், கேட்பவரின் செவியில் ஏற்கெனவே இருக்கும் பயிற்சியைக் கொண்டு தீர்மானிப்பதே பயன் தரும்.

தமிழ்ச் செவியின் முன்பயிற்சி

விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி வட்டாரம் தெருக்கூத்து வேரூன்றிய நிலம். செஞ்சியை அடுத்த மேலச்சேரி திரௌபதி அம்மன் வழிபாட்டின் மூல இடமாகப் போற்றப்படுகிறது. இங்கு பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். களரி கட்டும்போது மிருதங்கம், ஹார்மோனியம், முகவீணை, தாளம் ஆகியவை நெடுநேரம் முழங்குகின்றன. பின்னர் கட்டியங்காரன் வருகிறான். வேடம் திரைக்குப் பின்னிருந்து பாடி, அதன் பிறகே முகம் காட்டுகிறது. விருத்தம், தரு, வசனம் என்று வடிவம் மாறிக்கொண்டே இருந்தாலும் கதை அறுபடுவதில்லை. இதைக் கேட்டு வளர்ந்தவருக்கு இருபது நிமிடப் பாடல் நீளமானது அல்ல.

இரண்டாவது பயிற்சி திரையிசை. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் அறிமுகமான இளையராஜாவின் பல பாடல்களில் முதல் இடையிசை ஒன்று, இரண்டாவது இடையிசை முற்றிலும் வேறொன்று. ஐந்து நிமிடத்துக்குள் சிறிய பல்பகுதி ஆக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. மூன்றாவது தாளம். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்பும் ஐந்து எண்ணிக்கை கொண்ட கண்ட சாப்பும் தமிழருக்குப் புதியவை அல்ல.

கேட்கும் வரிசை

முதலில் பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975). இதன் முதல் ஆக்கத்தில் குரல் நுழைவதற்கு எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. களரி கட்டுதலை அறிந்தவர் அந்தக் காத்திருப்பை எளிதில் புரிந்துகொள்வார். அதே ஆக்கத்தின் மறுபாதி தொகுப்பின் இறுதியில் திரும்ப வருகிறது. 40 கிலோமீட்டருக்குள் அடங்கும் விழுப்புரம்–திண்டிவனம் பேருந்துப் பயணத்தில் முழுத் தொகுப்பையும் கேட்டு முடிக்கலாம். இடையில் நிறுத்தாமல் கேட்பது முக்கியம்.

அடுத்து அதே குழுவின் 'மணி' (1973). ஏழு எண்ணிக்கையில் செல்லும் பாடல் கிடார் தனி ஆவர்த்தனத்தில் நான்குக்கு மாறுவதைக் கையால் தாளம் போட்டுக் கண்டுபிடிக்கலாம். ஐந்து எண்ணிக்கைக்கு ஜெத்ரோ டல்லின் 'லிவிங் இன் த பாஸ்ட்' (1969) சிறிய, இனிய எடுத்துக்காட்டு.

மூன்றாவதாக யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்' (1971). அதன் பிறகு அதே குழுவின் பதினெட்டு நிமிட 'க்ளோஸ் டு த எட்ஜ்' (1972), இசைத்தட்டின் இரு பக்கங்களையும் ஒரே பாடலாக நிறைக்கும் ஜெத்ரோ டல்லின் 'திக் அஸ் எ பிரிக்' (1972). கிங் கிரிம்சனுக்கு இவற்றின் பிறகு வருவதே நல்லது. அப்போது அந்த இரைச்சலின் உள்ளே இருக்கும் ஒழுங்கு கேட்கும்.

இந்திய வாசலும் அதன் எல்லையும்

தியாகராஜருக்கும் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' (1986), ஜான் மெக்லாக்லினுடன் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோர் வாசித்த சக்தி குழுவின் தொகுப்புகள், கொச்சியின் மதர்ஜேன் குழுவின் 'மக்தூப்' (2008), பெங்களூரின் அகம் குழு ஆகியவை பக்கவாசல்கள். இவற்றில் சில ராக் இசையே அல்ல. ஆனால் வடிவத்தை விரிக்கும் துணிவில் உறவுடையவை.

இந்த வாசலில் ஓர் இடர் உண்டு. தெரிந்த ராகத்தை அடையாளம் காண்பதே இசையைக் கேட்பது என்று ஆகிவிடக்கூடும். ராக ஆலாபனை ஒரே ஆதார சுருதியில் நின்று விரிகிறது. புரோகிரசிவ் ராக் சுர அடுக்குகளின் நகர்வால், ஆதாரமே இடம் மாறுவதால் முன்செல்கிறது. முன்னதன் அளவுகோலைக் கொண்டு பின்னதை அளந்தால் அது வெறும் அலைச்சலாகத் தோன்றும்.

மதிப்பீடு

இவ்வகை இசையில் வெற்று வித்தைகாட்டல் உண்டு. நீளத்தையே ஆழம் என்று எண்ணிய ஆக்கங்களும் உண்டு. கூத்திலும் கதையை மறந்து தொண்டையைக் காட்டும் நடிகரை ஊர் அறியும். திரும்பி வரும் மெட்டு முதலில் கேட்டபோது இல்லாத பொருளைப் பெற்றிருக்கிறதா என்பதே நல்ல ஆக்கத்துக்கான சோதனை. கூத்துக் களத்தில் விடியும்வரை உட்கார்ந்தவர்கள் இந்தச் சோதனையைச் செய்யத் தகுதியானவர்கள். அவர்களுக்கு இது அந்நிய இசை என்று முன்கூட்டியே சொல்லி விலக்குவதே புதிய கேட்பவருக்குச் செய்யப்படும் பெரிய தீங்கு.