ஓபிரையனின் இருபது ஆண்டுகள்

கதைமாந்தர் துன்புறாமல் கதை இல்லை. அத்துன்பம் கதைக்கு உயிராகிறதா, ஒப்பனையாக நின்றுவிடுகிறதா என்பதே திறனாய்வாளன் கேட்க வேண்டிய வினா. 1966 முதல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெவ்வேறு பெயர்களில் வளர்ந்துள்ள 'ஸ்டார் ட்ரெக்' என்னும் அறிவியல் புனைகதை வரிசையைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

வாரம் ஒரு கதை என்னும் அமைப்புக்கு ஒரு கட்டாயம் உண்டு. எந்த வாரம் பார்க்கத் தொடங்கினாலும் கதை விளங்க வேண்டும். ஆகவே, இவ்வாரம் இடிந்த உள்ளம் அடுத்த வாரம் நிமிர்ந்து நின்றாக வேண்டும். அலுவலகத்தில் கோப்பை முடித்துப் பதிவறைக்கு அனுப்புகிறோம் அல்லவா? அதுபோல் துயரமும் முடித்து அனுப்பப்படுகிறது. 1967 ஏப்ரலில் வந்த ஒரு கதையில், வரலாறு பிறழாதிருக்கும் பொருட்டு, தான் நேசித்த பெண் கண்ணெதிரே இறப்பதைத் தடுக்காமல் நிற்கிறான் கேப்டன் கிர்க். அடுத்த வாரக் கதையில் அவனுடன் பிறந்தவனே மாய்கிறான். ஆயினும், முந்திய வாரத்து மரணத்தை அங்கு நினைப்பார் இல்லை.

இவ்வழக்கிலிருந்து விலகிய கதை, 1990-இல் வந்த 'ஃபேமிலி'. போர்க் என்னும் இயந்திர இனத்தார் கேப்டன் பிக்கார்டைக் கவர்ந்து, தன் இனத்துக்கு எதிராகவே போரிட வைத்தனர். மீட்கப்பட்ட பின் அவன் பிரான்சு நாட்டில் உள்ள தன் தமையனின் திராட்சைத் தோட்டத்துக்குச் செல்கிறான். அங்கே சேற்றில் புரண்டு சண்டையிட்டு, பின் விம்மி அழுகிறான். வீரன் அழலாம் என்பதைவிட, சென்ற வாரத்துத் துன்பம் இவ்வாரமும் வலிக்கும் என்று ஒப்புக்கொண்டதே இக்கதையின் சிறப்பு.

1993 முதல் 1999 வரை ஒளிபரப்பான 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் மைல்ஸ் ஓபிரையன் என்றொருவன் வருகிறான். நடித்தவர் கால்ம் மீனி. அவன் உயர் அதிகாரி அல்லன். விண்வெளி நிலையத்தில் பழுது பார்ப்பவன். மனைவியும் மகளும் உடையவன். ஆண்டுதோறும் இவனைத் துன்பத்தில் ஆழ்த்திப் பார்ப்பது அத்தொடரை எழுதியோரின் வழக்கமாகவே ஆயிற்று. எளியவன் ஒருவனை இப்படி வாட்டுவது கொடுமை அன்றோ எனலாம். ஆனால் மாவீரனின் துயரைக் கண்டு வியக்கிறோம். ஓபிரையனின் துயரிலோ நம்மையே காண்கிறோம்.

1996-இல் வந்த 'ஹார்ட் டைம்' இதற்குச் சான்று. ஒற்றன் என்று பழி சுமத்திய ஒரு வேற்றினத்தார், இருபது ஆண்டுச் சிறைவாழ்வின் நினைவை அவன் மூளையில் பதித்துவிடுகின்றனர். உண்மையில் கழிந்தவை சில மணி நேரமே. வீடு திரும்பியும் அவன் தரையில் உறங்குகிறான். உணவை ஒளித்து வைக்கிறான். மகளை அடிக்கக் கை ஓங்குகிறான். இறுதியில் உயிர்விடத் துணிகிறான். தடுக்க வந்த நண்பன் மருத்துவர் பாஷிரிடம் உண்மை வெளிப்படுகிறது. பசியின் வெறியில், உடனிருந்த சிறைத்தோழன் ஈச்சாரை அவன் கொன்றுவிட்டான். ஈச்சார் மறைத்து வைத்திருந்த உணவோ இருவருக்குமானது.

அழுகை பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கினைக் கூறுவார். கிர்க்குக்கு நேர்ந்தது இழவு. பிக்கார்டுக்கு நேர்ந்தது இளிவு. ஓபிரையனிடம் பசியாகிய வறுமையும், தோழனின் இழவும், பண்டைய நிலை கெட்டு வேறுபட்ட அசைவும் ஒருங்கே காணப்படுகின்றன. எனினும் அவனை உயிர்விடத் தூண்டியவை இவை அல்ல. இவை அவனுக்கு நேர்ந்தவை. அவனை அரித்தது அவனே செய்தது. நடவாத கொலைக்கு ஏன் வருந்த வேண்டும் என்று அறிவு கேட்கலாம். தான் எத்தகையவன் என்று கண்டுகொண்ட நெஞ்சுக்கு அவ்வாறுதல் போதாது. அறிவியல் கற்பனை இங்கு அறவினாவாக உயர்கிறது.

இத்துணை ஆழமாகச் சென்ற தொடரும், பின்வந்த கதைகளில் அந்த இருபது ஆண்டுகளை எடுத்துப் பேசவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் துயரை மதித்தார்கள். பின்னர் கோப்பைப் பதிவறைக்கே அனுப்பினார்கள். இதனைக் குறை என்றே நான் கருதுகிறேன். துன்பத்தைப் படைப்பது எளிது. அதனை நினைவில் வைத்திருப்பதே கலையின் கடன். பார்த்தவர் நெஞ்சில் ஈச்சார் இன்றும் அந்தச் சிறையின் மூலையில் உணவைப் பத்திரப்படுத்தியவாறே அமர்ந்திருக்கிறான். தொடர் மறந்ததை நாம் மறக்கவில்லை.