பச்சை உப்பும் பச்சை முத்திரையும்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை என்று பேச்செடுத்தாலே, அது எந்த லைசென்ஸ் என்ற கேள்வி வரும். நாக்பூரா, சென்னையா, டி.ஆர்.ஓ.வா? பெரிய ஆலைக்கு நாக்பூரில் இருக்கும் மத்திய வெடிபொருள் துறைத் தலைமையகம் உரிமம் தரும். நடுத்தர ஆலைக்கு அதன் சென்னை அலுவலகம். சின்ன ஆலைக்கு மாவட்ட நிர்வாகம்.

இது வெடிக்கு வாங்கும் அனுமதி. மாசுக்கு வாங்குவது தனி. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் ஆலையை நிறுவ ஓர் இசைவாணை, இயக்க இன்னொன்று. பட்டாசுத் தயாரிப்பை மிக அதிகம் மாசுபடுத்தக்கூடிய தொழில்களின் சிவப்புப் பட்டியலில்தான் மத்திய வாரியம் 2016-ல் வைத்தது.

ஆக, காகிதத்துக்குக் குறைச்சலே இல்லை. அப்புறமும் ஏன் இத்தனை சாவு, இத்தனை புகை?

2012 செப்டம்பர் 5. முதலிபட்டி ஆலையில் வெடி விபத்து. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் அதற்குச் சற்று முன்புதான் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. உரிமம் நின்றது, வேலை நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 12. அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் பலி. உரிமம் ஒருவர் பெயரில். உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டியவர்கள் வேறு ஆட்கள்.

உள்குத்தகைக்காரர் போட்ட பணத்தை சீசனுக்குள் எடுத்தாக வேண்டும். அதனால் நாலு பேர் உட்காரும் அறையில் எட்டுப் பேர். கொஞ்சம் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் குவியல். கலவையில் எது மலிவோ அது. பாதுகாப்பு வேறு, சுற்றுச்சூழல் வேறு என்று துறைகள்தான் பிரித்து வைத்திருக்கின்றன. கலவை அறையில் இரண்டும் ஒன்றுதான். ஊரைக் கெடுக்கும் புகையை முதலில் தூசியாகச் சுவாசிப்பவர் மருந்து கலக்கும் தொழிலாளி.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. சரவெடிக்கும் தடை. பேரியம் நைட்ரேட்டுக்கு சிவகாசி வட்டாரத்தில் பெயர் பச்சை உப்பு. கம்பி மத்தாப்பு முதல் பேன்சி ரகங்கள் வரை அதை நம்பித்தான் இருந்தன. பச்சை உப்பு போய், நீரி ஆய்வு நிறுவனத்தின் பசுமைப் பட்டாசு வந்தது. அதில் மாசு சுமார் 30 சதவிகிதம் குறையும் என்பதுதான் கணக்கு. புகையே வராது என்று அந்த விஞ்ஞானிகள்கூடச் சொல்லவில்லை.

சரி, பச்சை உப்பு நிஜமாகவே போய்விட்டதா? பெயர் பெற்ற சில ஆலைகளிலேயே பேரியம் புழங்குவதாக சி.பி.ஐ. அளித்த அறிக்கையை வைத்து ஆலைகளை 2021-ல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. 2023-ல் மறுபடி அனுமதி கேட்டும் மறுத்துவிட்டது. 2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசை மட்டும் சில நாள் அனுமதித்தபோது, க்யூ.ஆர். கோடு கட்டாயம் என்றது. நல்லது. ஆனால் பெட்டியில் பச்சை முத்திரை அச்சடிக்க சிவகாசியில் அச்சகத்துக்கா பஞ்சம்? சரிபார்க்க வேண்டியது பெட்டியை அல்ல, கலவை அறையை.

'ஒரேயடியாக இழுத்து மூடு' என்று டெல்லியில் உட்கார்ந்து சொல்வது சுலபம். 2018 தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது பட்டினி கிடந்தது தினக்கூலிக்காரர்கள்தான். மழை பொய்த்தால் விவசாயமும் கைவிடும் பூமி அது. 'இன்ஸ்பெக்‌ஷன் கெடுபிடி தாங்கலை' என்று புலம்பும் முதலாளிகள் ஒன்றை யோசிக்க வேண்டும். விதிப்படி நடக்கிறவர் பக்கத்து ஆலையின் திருட்டு உப்போடு விலையில் போட்டி போட முடியுமா?

செய்ய வேண்டியது பெரிய விஷயமில்லை. பேரியத்தை மூட்டையாக விற்கும் ரசாயன வியாபாரியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். விபத்துக்குப் பிறகு குழு அமைத்துச் சேர்ந்து போகும் அதிகாரிகள், அதற்கு முன்பே சேர்ந்து, சொல்லாமல் போகட்டும். உள்குத்தகை நிரூபணமானால் உரிமக்காரர் மீதும் வழக்கு வரட்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு ஆலை வாசலிலும் தமிழில் ஒரு பலகை. உரிமம் யார் பெயரில், எதுவரை செல்லும், அறைக்கு எத்தனை பேர், எந்த உப்புக்குத் தடை, கடைசியாகச் சோதனை போட்டது எப்போது, புகார் சொல்ல எந்த எண். இதைப் படிக்க விஞ்ஞானி வேண்டாம். காலையில் வேனில் வந்து இறங்கும் பெண்ணே படித்துக்கொள்வார். அவர் போன் செய்தால் எடுப்பதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.