அரைப் பேரும் முழு ஓட்டமும்

2012ஆம் ஆண்டு இலண்டன் பராலிம்பிக் போட்டியில், 400 மீற்றர் ஓட்டத்தின் டி46 பிரிவில், பிரதீப் சஞ்சய வெண்கலப் பதக்கம் பெற்றார். பராலிம்பிக்கில் இலங்கை பெற்ற முதற் பதக்கம் அதுவே. 2021 ஓகஸ்ட்டில் தோக்கியோ நகரில், தினேஷ் பிரியந்த ஹேரத் ஈட்டியை 67.79 மீற்றர் தூரம் எறிந்து, உலக சாதனையுடன் நாட்டின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை வென்றார். இத்தகைய வெற்றிகளைக் குறித்து எமது பத்திரிகைகள் வழக்கமாகக் கூறுவது ஒன்றே: ஊனத்தை மனவுறுதி வென்றது. இக்கூற்று பொய்யன்று, ஆயின், பாதி உண்மையே.

ஓட்டம் கால்களின் தொழில் என்றே பலரும் எண்ணுவர். இடது கால் முன்செல்லும்போது வலது கை முன்வீசி, உடல் திருகாமற் காக்கிறது. ஒரு கை குறைந்தால் இச்சமநிலை குலையும். குனிந்து புறப்படும் வேளையில் ஊன்றுவதற்கும் ஒரு கையே எஞ்சும். ஆகவேதான் ஒரு கையை இழந்தோரும் அதற்கொத்த பாதிப்புடையோரும் தம்முள் ஒரு பிரிவாக ஓடுகின்றனர். குறைந்த கையின் கீழ் அணை வைத்துப் புறப்படவும் விதி இடமளிக்கிறது. முதலில் நிலத்தைச் சமமாக்கிவிட்டு, அதன் பின்னரே வேகத்தைக் கேட்கிறது இவ்விளையாட்டு.

நிலத்தைச் சமமாக்குவோர் யார் என்பதே எமது வினா. சஞ்சயவும் ஹேரத்தும் இராணுவத்தினர். காயமுற்ற சிப்பாய்க்குச் சம்பளம், சிகிச்சை, பயிற்சி, மைதானம் ஆகியன ஒரு நிறுவனத்தின் கடமையாக வந்து சேர்கின்றன. இவ்விளையாட்டின் பிறப்பும் அவ்வாறே. 1948 யூலை 29 அன்று இங்கிலாந்தின் ஸ்டோக் மன்டவில் மருத்துவமனையில், காயமுற்ற முன்னாட் படையினர் 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார் மருத்துவர் லுட்விக் குட்மன். அதுவே பராலிம்பிக் இயக்கத்தின் வித்து.

அதே 1948இல் நிறைவேறிய இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அங்கே ஓர் அரசு தன் காயமுற்ற மனிதரைத் தேடிச் சென்றது. இங்கே ஓர் அரசு, தேயிலையைத் தந்த மனிதரை தன்னவரல்லர் என்றது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு நாடற்ற நிலை பெரிதும் நீங்கியது உண்மையே. எனினும், குடியுரிமைச் சான்றிதழ் மட்டும் ஓடுபாதை ஆகிவிடாது.

பதுளை, பசறை, லுணுகலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். நிர்ணயித்த நிறைக்குக் கொழுந்து குறைந்தால் அன்று 'அரைப் பேர்'. மனிதனின் பெயரையே கூலியின் அளவாக்கிய உலகம் இது! இங்கே ஒரு தொழிலாளி கொழுந்து உருட்டும் இயந்திரத்திற் கையை இழந்தால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அக்கையை அளக்கும். உழைப்புத் திறனில் எத்தனை வீதம் போயிற்று என்பதே அதன் கேள்வி. நட்டஈடு தேவையானது, போராடியேனும் பெறத்தக்கது. ஆயின், எஞ்சிய உடலால் அவன் என்ன செய்ய வல்லான் என்று அச்சட்டம் கேட்பதில்லை. அவன் வாழும் லயத்து அறையும் தோட்ட உழைப்போடு பிணைந்தது. ஒரே கை: ஓடுபாதையில் அது ஒரு போட்டிப் பிரிவு, தோட்டத்தில் அது ஆயுள் முழுதுக்குமான அரைப் பேர்.

இந்நிலையில் மனவுறுதியை மட்டும் போற்றுவது, உறுதி இல்லாமையாலேயே தோட்டத்து மனிதன் ஓடவில்லை என்று மறைமுகமாகக் குற்றஞ் சாட்டுவதாகும். செங்குத்து மலையிற் கொழுந்துக் கூடையோடு ஏறியிறங்கும் கால்களுக்கு உறுதியைப் போதிக்க வேண்டியதில்லை.

ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை விளையாட்டையும் உரிமையாகவே கூறுகிறது. பதுளையில் வின்சன்ட் டயஸ் விளையாட்டரங்கும் இருக்கிறது. அவ்வரங்கிற்கும் லயத்திற்கும் இடையே பாதை அமைப்பதே எஞ்சிய பணி: செயற்கை உறுப்பு, பயிற்சியாளர், பயணச் செலவு, உறுப்பிழந்தவருக்கு நிலையான வேலை. தொழிற்சங்கங்கள் கூலிக் கோரிக்கையோடு இவற்றையும் சேர்த்தெழுத வேண்டும்.

எழுத்தாளருக்கும் பங்குண்டு. பதுளையை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப், லயத்து மாந்தரை இரக்கத்திற்குரிய பொம்மைகளாக்காமல் முழு மனிதராகவே படைத்தார். உறுப்பிழந்த தொழிலாளியைப் பற்றி எழுதுவோருக்கும் அதுவே வழி. அவனுக்கு எமது கண்ணீரும் கைதட்டலும் பிறகு வரட்டும். முதலில் அவன் பேர் முழுதாக எழுதப்படட்டும்.