முகமற்ற மாந்தரும் எடையற்ற மரணமும்: ‘மேட்னஸ் காம்பாட்’ இரண்டாம் பகுதி

அமெரிக்கக் கலைஞர் கிரின்கெல்ஸ் பிளாஷ் மென்பொருளில் உருவாக்கிய ‘மேட்னஸ் காம்பாட்’ என்னும் அசைவூட்டத் தொடர் 2002இல் நியூகிரவுண்ட்ஸ் இணையதளத்தில் தொடங்கியது. அதன் இரண்டாம் பகுதியான ‘ரிடீமர்’ 2003இல் வெளிவந்தது. இதன் மாந்தர் பெரும்பாலோர்க்குக் கண்ணும் வாயும் இல்லை. முகத்தில் சிலுவைக்கோடு மட்டுமே உண்டு. உரையாடலுக்கும் ஏறத்தாழ இடமில்லை. தொல்காப்பியம் கூறும் அழுகை, அச்சம், வெகுளி முதலிய மெய்ப்பாடுகள் புலப்பட உடலில் இடமில்லாதபோது, கொலை துயரமாகாமல் தாளமாகிறது. அத்தாளத்தின் துல்லியமே இப்படைப்பின் வலிமை எனலாம். எனினும், தொடர்கதையின் தேவைக்காக நாயகன் ஹேங்க் முதலானோர் இறந்திறந்து உயிர்த்தெழுவதால் மரணம் தன் எடையை இழக்கிறது. குருதி மிகுந்தும் இவ்வன்முறை அச்சுறுத்தாமைக்கு இழப்பின்மையே காரணம் என்பது நோக்கத்தக்கது.